பாலைவனம் பார்க்க வாரம் 150 ரூபாய்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருஷம் இதே மேடையில் நான் எங்கள் குழுவின் வரவு செலவு வாசித்தேன். இந்த வருஷம், "ராஜஸ்தான் போயிட்டு வந்த கதையைச் சொல்லு" என்று தலைவி அக்கா சொல்லிவிட்டார்கள். கதையும் சொல்கிறேன், கணக்கும் சொல்கிறேன். கணக்கு இல்லாம நமக்குப் பேச வராது இல்லையா?

ஆரம்பம் ரொம்பச் சாதாரணம். மன்னார்குடி ஸ்டேஷனிலிருந்து வாரம் ஒரு ரயில் ஜோத்பூர் பக்கம் போகிறது. பெட்டியில் 'பகத் கீ கோட்டி' என்று எழுதியிருக்கும். எங்கள் குழுவிலேயே மூத்தவர், நாங்கள் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுபவர், ஒரு நாள் கூட்டத்தில் கேட்டார்: "அந்த ரயில்ல ஏறி உட்கார்ந்தா கடைசியில எங்கதான் கொண்டு போய் விடும்?" பாலைவனத்துக்குப் பக்கத்தில் விடும் என்று ஒரு தங்கச்சி சொன்னாள். "பாலைவனம்னா படத்துல பார்க்கிற அந்த மணல் மேடா? அதை நம்மளால பார்க்க முடியுமா?" என்றார் பெரியம்மா. யாரும் சிரிக்கவில்லை. அவர் கேட்டது எங்கள் எல்லோர் மனசிலும் இருந்த கேள்விதான்.

உடனே சண்டையும் வந்தது. "சேமிப்புப் பணத்துல ஊர் சுத்தறதா? வெளியில தெரிஞ்சா என்ன பேசுவாங்க?" என்று பிரதிநிதி அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் முதல் தீர்மானமே இப்படி எழுதினோம்: குழுச் சேமிப்பில் ஒரு ரூபாய் தொடக் கூடாது. உள்கடன் எடுத்து யாரும் வரக் கூடாது. பயணத்துக்குத் தனி நோட்டு, தனி உண்டியல். வாரம் ஆளுக்கு 150 ரூபாய். அவசரம் என்றால் கட்டினதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம்.

150 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒருத்தி கோழி முட்டை விற்றாள். ஒருத்தி பூ கட்டினாள். நான் இரண்டு வீட்டுக்குக் கூடுதலாகத் துணி தைத்தேன். டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணம் இல்லாததால் மிச்சமானதையும் சிலர் போட்டார்கள். அறுபது வாரம் கட்டினோம். ஆளுக்கு 9,000 ரூபாய் சேர்ந்தது.

எப்போது போவது என்பதிலும் யோசனை வேண்டும். அங்கே சித்திரை வைகாசியில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், போகவே கூடாது. டிசம்பர், ஜனவரியில் நல்ல குளிர். ஆனால் அப்போதுதான் கூட்டம், அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு. பிப்ரவரி வாக்கில் ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடக்கும், அந்த நாட்களிலும் அப்படித்தான். நமக்குச் சம்பா அறுவடை முடிவது தை கடைசி. அதனால் திருவிழா நாளைத் தள்ளி, மாசியில் கிளம்பினோம். பகலில் நம்ம ஊர் மார்கழி வெயில் மாதிரி, இராத்திரி ஒரு சால்வை போதும். அறையும் மலிவாகக் கிடைத்தது.

ரயில் டிக்கெட் இப்போது அறுபது நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்தது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குத்தான் போட முடியும். திறக்கும் நாளன்று காலையிலேயே போட்டுவிட வேண்டும். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை 2020-லேயே நின்றுவிட்டது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நாங்கள் ஸ்லீப்பர் வகுப்பில்தான் போனோம். இரண்டு இராத்திரிக்கு மேல் ரயில். புளிச்சோறு, எள்ளுப்பொடி, சப்பாத்தி, முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டோம். முதல் இரண்டு நாள் டீக்கும் தண்ணீருக்கும் தவிரக் காசு செலவாகவில்லை.

கிளம்பியது பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜோத்பூரில் இறங்கி ஒரு தர்மசாலையில் மூன்று அறை எடுத்தோம். நம்ம ஊர்ச் சத்திரம் மாதிரிதான், சுத்தமாக இருந்தது. ஓட்டல் வேண்டாம், தர்மசாலை கேளுங்கள். ஆதார் அசல் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும்.

அங்கே மெஹ்ரான்கர் கோட்டை இருக்கிறது. ராவ் ஜோதா என்ற அரசர் 1459-இல் கட்ட ஆரம்பித்தது. பாறையே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே போக டிக்கெட் உண்டு, அதற்குக் காசு கொடுக்கலாம், வீணில்லை. மேலேயிருந்து பார்த்தால் பழைய ஊரில் வீடு வீடாக நீல வண்ணம். கீழே மணிக்கூண்டுச் சந்தை, பக்கத்தில் தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணறு. அந்தக் கிணற்றைப் பார்க்கக் காசு கிடையாது. சாயங்காலம் படியில் உட்கார்ந்து மிளகாய் வடை சாப்பிட்டோம். பெரிய மிளகாய்க்குள் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்தது. ஒன்று சாப்பிட்டால் இராத்திரிச் சாப்பாடு பாதி முடிந்தது.

கோட்டையில் லோஹா போல் என்று ஒரு வாசல். அதன் சுவரில் சின்னச் சின்னக் கை அடையாளங்கள், மேலே சிவப்பும் வெள்ளித் தாளும் பூசியிருக்கிறார்கள். மகாராஜா மான்சிங் 1843-இல் இறந்தபோது உடன்கட்டை ஏறிய பெண்களின் கைகள் என்றார்கள். நாங்கள் எல்லோரும் பேசாமல் நின்றோம். பெரியம்மா கணவரை இழந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவர் கிளம்பும்போது சொந்தக்காரர்கள், "இந்த வயசுல, இந்த நிலைமையில, உனக்கு எதுக்கு ஊர் பார்க்கற ஆசை?" என்று கேட்டிருந்தார்கள். அவர் அந்தச் சுவரைத் தொடவில்லை. பக்கத்தில் தன் கையைக் கொண்டு போய் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சின்னக் கையா இருக்கே, சின்னப் பிள்ளைங்க கையி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் கீழே இறங்கும்வரை எங்கள் யாருக்கும் பேச்சு வரவில்லை.

மறுநாள் கேஜர்லி என்ற கிராமத்துக்குப் போனோம். ஜோத்பூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டூர் பேக்கேஜ்களில் பெரும்பாலும் இந்த ஊர் இருக்காது. ஆனால் நம்மைப் போன்றவர்கள் போக வேண்டிய இடம் என்று நான் சொல்வேன். 1730-இல் ஜோத்பூர் மகாராஜாவின் ஆட்கள் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்புக் காளவாய் எரிக்க மரம் வெட்ட வந்தார்கள். பிஷ்னோய் மக்கள் மரத்தையும் மானையும் குடும்பம் மாதிரிப் பார்ப்பவர்கள். அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரை வெட்டினார்கள். அவருடைய மூன்று பெண் பிள்ளைகளும் அதேபோல நின்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து நின்றார்கள். மொத்தம் 363 உயிர். அதன் பிறகுதான் அரசர் வெட்டை நிறுத்தினார். அந்த நினைவாகத்தான் செப்டம்பர் 11-ஆம் தேதியை நாட்டின் வனத் தியாகிகள் தினமாக வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் உயிர் கொடுத்தது எந்த மரத்துக்கு என்று நினைக்கிறீர்கள்? அங்கே கேஜ்ரி என்கிறார்கள். கிட்டப் போய் இலையைப் பார்த்தால், அட, நம்ம வன்னி மரம்! விருத்தாசலம் கோயிலில் தல மரமாக நிற்கிறதே, அதே வன்னி. நாம் சுற்றிக் கும்பிடுகிறோம். அவர்கள் அதன் காயைச் சமைக்கிறார்கள், தழையை ஆட்டுக்குப் போடுகிறார்கள், நிழலில் கம்பு விதைக்கிறார்கள். மழையில்லாத வருஷத்திலும் பச்சையாக நிற்கும் மரம் அது. ஏன் கட்டிப்பிடித்தார்கள் என்பது அந்த மண்ணில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. கேஜர்லியில் ஆட்டோவுக்குத் தவிர ஒரு பைசா செலவில்லை.

அன்று இராத்திரி ரயிலில் ஜெய்சல்மேர். இராத்திரியில் பயணம் செய்தால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியும்போது ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டியவரை புதரும் மணலும்.

ஜெய்சல்மேர் 1156-இல் உண்டான ஊர். கோட்டை முழுக்க மஞ்சள் கல். காலையில் சந்தனம் மாதிரி இருக்கும், சாயங்காலம் பொன் மாதிரி ஆகிவிடும். இந்தக் கோட்டைக்குள் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் கோலம்தான் இல்லை, மற்றபடி துணி காய்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. அதனால் கோட்டைத் தெருக்களில் நடக்க டிக்கெட் கிடையாது. உள்ளே இருக்கும் அரண்மனையைப் பார்க்கத்தான் டிக்கெட். பட்வோன் கி ஹவேலி என்று ஐந்து பெரிய வீடுகள், வியாபாரக் குடும்பம் 1805-இல் தொடங்கிக் கட்டியது. கல்லை வெட்டினார்களா, பூ வேலை பின்னினார்களா என்று தெரியாது. அந்த வேலைப்பாட்டைத் தெருவில் நின்றே பார்க்கலாம்.

கடிசர் ஏரிக்கும் காசு இல்லை. குழாய்த் தண்ணீர் வரும்வரை அந்த ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்தது அதுதான். பெண்கள் குடம் சுமந்து வந்த படிகள் இன்னும் இருக்கின்றன. ஏரி வாசலில் ஒரு பெரிய வளைவு. திலோன் என்ற ஒரு தாசி கட்டியது என்று ஊரில் கதை சொல்கிறார்கள். அவள் கட்டிய வாசலுக்குள் நுழைய அரச குடும்பம் மறுத்ததாம், இடித்துவிடுவார்கள் என்று தெரிந்து, அவள் அதன் மேலே ஒரு கிருஷ்ணன் கோயிலை வைத்துவிட்டாளாம். யார் இடிக்க முடியும்? எங்கள் குழுவில் எல்லோருக்கும் பிடித்த கதை அதுதான்.

அந்த மாவட்டத்தில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை கூட வராது. நமக்கு ஆயிரத்துக்கு மேல் பெய்கிறது. அப்படியும் மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று கடைமடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் வீட்டு முற்றத்திலேயே தரைக்கடியில் 'டாங்கா' என்ற தொட்டி கட்டி, சுற்றியுள்ள தரையைச் சரிவாக்கி, பெய்கிற மழையெல்லாம் அதில் இறங்கச் செய்கிறார்கள். வயலில் 'காதீன்' என்று நீளமாகக் கரை போட்டு மழை ஓட்டத்தை மறித்து, அந்த ஈரத்திலேயே பயிர் எடுக்கிறார்கள். இப்போது பஞ்சாபிலிருந்து இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீரும் வருகிறது. இருந்தாலும் தர்மசாலையில் நான் சொம்புத் தண்ணீரை அப்படியே கொட்டியபோது, கூட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றிலிருந்து அரைச் சொம்புதான்.

மணல் மேடு பார்க்க சம் என்ற இடத்துக்கு எல்லோரும் போவார்கள், நாற்பது கிலோமீட்டர். அங்கே ஜீப், பாட்டு, கூட்டம். நாங்கள் தெற்கே குரி என்ற கிராமத்துக்குப் போனோம், அமைதியாக இருக்கும். இங்கேதான் எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. முதல் நாளே ஒரு புரோக்கர், வேன், ஒட்டகம், சாப்பாடு எல்லாம் சேர்த்துச் சல்லிசாகத் தருகிறேன் என்று முன்பணம் 2,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு போன் எடுக்கவில்லை. இருபது வருஷம் குழு நடத்துகிறோம், ரசீது இல்லாமல் பத்து ரூபாய் கொடுக்க மாட்டோம், அங்கே போய் ஏமாந்தோம். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன், நீங்கள் ஏமாறாமல் இருக்க. ஏறி உட்கார்ந்த பிறகு பாதி, இறங்கும்போது பாதி, அதுதான் சரி. மறுநாள் தெருவில் மூன்று வேன்காரர்களிடம் விலை கேட்டு நாங்களே அமர்த்தினோம். பதினொரு பேர் சேர்ந்து பேரம் பேசினால் விலை இறங்காமல் எங்கே போகும்?

ஒட்டகத்தில் ஆறு பேர் ஏறினோம். மற்றவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். மணலில் உட்கார யாரும் காசு கேட்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் மணல் சில்லென்று ஆகிவிடுகிறது. காற்று வரி வரியாகக் கோடு போட்டிருக்கிறது, நாம் நடந்தால் அது அழிகிறது, திரும்பிப் பார்த்தால் காற்று மறுபடி போட ஆரம்பித்துவிட்டது. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். "பார்த்துட்டேண்டி" என்றார்.

கிராமத்தில் ஒரு பெண் பூ வேலை செய்த பைகள் விற்றுக்கொண்டிருந்தாள். எங்களில் ஒரு தங்கச்சி திருப்பூர் பனியன் கம்பெனியில் நாலு வருஷம் இருந்தவள், வடநாட்டுப் பெண்களோடு வேலை பார்த்து இந்தி கற்றுக்கொண்டவள். அவள் பேச்சுக் கொடுத்தாள். அந்தப் பெண்ணும் குழுதான்! அங்கே ராஜீவிகா என்ற அரசுத் திட்டத்தில் குழுக்கள் நடக்கின்றன. குழு என்பதை 'சமூஹ்' என்கிறார்கள். உள்ளே போய்ப் பாஸ்புக்கை எடுத்து வந்து காட்டினாள். எழுத்துத்தான் படிக்கத் தெரியவில்லை, எண்களை நாங்கள் எல்லோரும் படித்தோம். அவள் எங்களைக் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுக்காரங்க விட்டாங்களா?" இரண்டாவது கேள்வி: "உங்க ஊர்ல கடல் இருக்காமே, அது எப்படி இருக்கும்?" தங்கச்சி மணலைக் காட்டி, "இதே மாதிரிதான், ஆனா நிக்காம அசைஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். நமக்கு ஒரு பஸ் ஏறினால் கடல். எங்கள் பதினொரு பேரில் நாலு பேர் அதை வாழ்க்கையில் இரண்டு தடவைக்கு மேல் பார்த்ததில்லை.

திரும்பும்போது ஜெய்சல்மேரிலிருந்து அரசுப் பேருந்தில் வந்தோம். ராஜஸ்தானில் சாதாரண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, கண்டக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஆனால் வழியில் கழிப்பறை எல்லா இடத்திலும் இருக்காது. ஏறும் முன்பே போய்விட்டு வாருங்கள், மாதவிலக்குத் துணி, நாப்கின் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல நாம் கூச்சப்படத் தேவையில்லை. வாரம் ஒரு ரயில் என்பதால் திரும்பும் நாள் எங்களுக்குப் பொருந்தவில்லை. ஜோத்பூரிலிருந்து சென்னைக்கு வேறு ரயில், அங்கிருந்து ஊருக்கு இராத்திரி ரயில் என்று மாறி வந்தோம்.

இப்போது கணக்கு. ஆளுக்கு, ஊரிலிருந்து ஊர் வரை:

ஜோத்பூர் போக வர ரயில் 2,200 ரூபாய்.
ஜோத்பூர் – ஜெய்சல்மேர் போக வர 400.
ஐந்து இராத்திரி தங்க 950.
சாப்பாடு, டீ 1,750.
ஆட்டோ, வேன் 1,100.
நுழைவுச் சீட்டு, ஒட்டகம் 850.
ஏமாந்தது 200.
மொத்தம் 7,450. மீதி 1,550.

அந்தக் கடைசிக்கு முந்தின வரியையும் நோட்டில் 'ஏமாந்தது' என்றே எழுதியிருக்கிறோம், மறைக்கவில்லை.

இப்போது அந்தப் பன்னிரண்டாவது ஆள். அவள் முப்பத்தெட்டு வாரம் தவறாமல் கட்டினாள். பிறகு மகளுக்குத் திடீரென்று குடல்வால் ஆபரேஷன். 5,700 ரூபாயையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதற்குத்தானே விதி எழுதினோம், பணம் அன்றே கையில் கொடுத்தோம். ஆனால் நாங்கள் கிளம்பும் நாள் வந்தபோது மனசு கேட்கவில்லை. எல்லோரும் போட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றோம். "கடன்பட்டு ஊர் பார்க்க வேண்டாம்னு நாமதானே எழுதினோம்" என்று மறுத்துவிட்டாள். ஸ்டேஷனுக்கு வந்து புளிச்சோற்று டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பணத்தைத் திரும்பக் கொடுக்க விதி வைத்திருந்த நாங்கள், அவளைத் திரும்பச் சேர்க்க ஒரு விதி வைக்கவில்லை. அது எங்கள் தப்பு.

அதனால் வந்ததும் மீதியில் ஆளுக்கு 550 ரூபாய் தனியாக வைத்தோம். 6,050 ரூபாய். பயணத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவசரம் வந்தால், கட்டினதை எடுக்க வேண்டாம், இதிலிருந்து வட்டியில்லாமல் எடுத்துப் பிறகு கட்டலாம். அடுத்த அணிக்கு நோட்டு போட்டாயிற்று. முதல் கையெழுத்து அவளுடையது.

ஜோத்பூர்ச் சந்தையில் காய்ந்த வன்னிக்காய் கால் கிலோ வாங்கி வந்தேன். ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயில் மிளகாய் போட்டு வதக்கி, குழுக் கூட்டத்தன்று அவள் வீட்டில்தான் சாப்பிட்டோம். பிள்ளைகள் கசக்குது என்று ஓடிவிட்டன. அவள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். "அந்த மரத்தை நானே போய்ப் பார்க்கறேன்" என்றாள்.

அக்காமார்களே, எல்லோரும் ராஜஸ்தான் போங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஒரு நோட்டு போடுங்கள். ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தாலும் சரி, முதல் பயணம் வேளாங்கண்ணிக் கடலாக இருந்தாலும் சரி. குழுவை நடத்திய அதே கணக்குத்தான் இதற்கும், புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம். எங்கள் நோட்டு வெளியே கணக்காளர் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன்னால் வந்து புரட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.